திரையில் திறந்த சமையலறை

கணினிக் கடை வைத்து நாலு பேருக்கு யோசனை சொல்லும் ஆளாக வளர்ந்த பிறகும் வீட்டில் அவன் சின்னவன்தான். அண்ணி வேலையை விட்டுவிட்டு வீட்டு உள்அலங்காரத் தொழிலைத் தனியாகத் தொடங்கியதும், அவனே முன்வந்து பாகம் பாகமாக வாங்கிப் புதுக் கணினி ஒன்றைப் பூட்டிக் கொடுத்தான். புதிய பிராசஸர், தாராளமான மெமரி, திரையில் படம் வரைய நல்ல கிராபிக்ஸ் கார்டு. "இனிமே உங்க பிரவுசர் பறக்கும் அண்ணி" என்று வேறு அளந்துவிட்டான்.

பறக்கவில்லை. முதல் வாடிக்கையாளரான பல் டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். அவர் கட்டப்போகும் வீட்டுக்காக முப்பரிமாணத்தில் வரைந்திருந்த சமையலறையை அண்ணி பிரவுசரில் சுற்றிக் காட்டத் தொடங்கினாள். கதவு பாதி திறந்து நின்றது. யோசித்தது. மெல்ல நகர்ந்தது. பழைய கணினியே தேவலை போலிருந்தது. டாக்டரம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த வேலை கைநழுவினால் அண்ணி பழைய ஆபீசுக்கே போய் அந்த மேனேஜரிடம் கைகட்டி நிற்க வேண்டும்.

அண்ணி டைல்ஸ் மாதிரிகளைக் காட்டிப் பேச்சுக் கொடுக்க, சின்னவன் மேசைக்கடியில் புகுந்தான். பெட்டிக்குள் பிராசஸரின் விசிறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டின் விசிறியோ சும்மா நின்றது. எல்லாப் பாரத்தையும் ஒருவன் தலையில் கட்டிவிட்டு, இன்னொருவனை யாரும் கூப்பிடவே இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பிரவுசரில் எதுவும் மாறக் கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தாள். அவனும் சொல் தட்டாமல் பழைய அமைப்புகளை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தான். அந்தக் கிழட்டுக் கணினியில் திரை அடிக்கடி இருண்டதால், கிராபிக்ஸ் கார்டைத் தொடாதே என்று பிரவுசருக்குத் தடை போட்டு வைத்தவனும் அவனேதான். தடையும் கூடவே குடிவந்துவிட்டது.

அசட்டுச் சிரிப்போடு எழுந்து தடையை நீக்கி, பிரவுசரை மூடித் திறந்தான்.

இப்போது சமையலறை வழுக்கிக்கொண்டு சுற்றியது. டாக்டரம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மவுஸைத் தானே வாங்கி, அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். அதன் கதவு பக்கத்து அலமாரியில் போய் இடித்தது.

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. திரை திணறிக்கொண்டிருந்த வரை யாரும் ஃபிரிட்ஜ் வரை போகவே இல்லை. சரியாக்குகிறேன் என்று போய் அண்ணியையே காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று சின்னவன் நொந்துகொண்டான்.

அண்ணி ஒரு கணம்தான் தயங்கினாள். மவுஸைக் கேட்டு வாங்கி, அலமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சமும் நிழலும் இடம் மாறின. டாக்டரம்மா மறுபடியும் ஃபிரிட்ஜைத் திறந்தார். இந்தத் தடவை முழுசாகத் திறந்தது.

"இப்ப இருக்கிற வீட்டுல கதவு இடிக்குதுன்னு கட்டி முடிச்ச பிறகுதான் கண்டுபிடிச்சோம்" என்றார். "இத்தனை வருஷமா ஒருக்களிச்சு நின்னுதான் பால் எடுக்கிறேன். நீங்க எப்ப வேலையை ஆரம்பிக்கிறீங்க?"