படுத்த தொட்டியின் கணக்கு

அமீர் எண்ணெய் திருடுகிறான் என்று முதலில் சொன்னது ஒரு குச்சி.

மூவார் ஆற்றோரத்தில் எங்கள் ஐஸ் தொழிற்சாலை. ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. அதற்காக மீன் அழுகாமல் இருக்கவில்லை, எனவே எங்களுக்கு வேலை இருந்தது. பகலில் எஞ்சினை அமீர் ஓட்டினான், இரவில் நான். சிங்கப்பூரில் இரண்டு வருஷம் காலேஜுக்குப் போனேன். ஒருநாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அவ்வளவுதான். இரவு வேலை எனக்கு ஒத்துப்போனது. எஞ்சின் சத்தத்தில் யாரும் வந்து பேச்சுக் கொடுக்க முடியாது.

எஞ்சினுக்கு எண்ணெய் ஓர் இரும்புத் தொட்டியிலிருந்து வரும். தினமும் காலையில், பகல் ஷிப்ட் தொடங்கும் முன், கூலிகள் பீப்பாய்களிலிருந்து கைப்பம்பால் அடித்து அதை நிரப்புவார்கள். எத்தனை பீப்பாய் என்று யாரும் பார்த்ததில்லை. வழிந்தால் நிறுத்துவார்கள். கணக்கு எழுதப் புதிதாக வந்த பெரிய கிராணி மணியத்துக்கு இது பொறுக்கவில்லை. சீனத் தச்சரிடம் சொல்லி நல்ல தேக்கில் ஓர் அளவுகுச்சி செய்ய வைத்தார். அங்குலத்துக்கு ஒரு பித்தளை ஆணி. ஷிப்ட் மாறும்போதெல்லாம் தொட்டியின் மேல்துளையில் குச்சியை விட்டு, நனைந்த ஆணிகளை எண்ணினார்.

பகலில் பதினாலு அங்குலம் இறங்கியது. இரவில் பத்து. ஒரே எஞ்சின், ஒரே அளவு ஐஸ். ஒவ்வொரு நாளும் அதே பதினாலு, அதே பத்து.

"சனிக்கிழமை தவுக்கே மலாக்காவிலிருந்து வர்றார். சொல்லிடுவேன்" என்றார் மணியம். தவுக்கே எங்கள் முதலாளி. திருட்டு என்றால் விசாரிக்கிற ஆள் இல்லை, உடனே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

வேலை போவது அமீருக்குப் பெரிதில்லை. படகுத்துறைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜமாலின் மகள் ரசியாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். விஷயம் அங்கே போய்விட்டது. ஜமால் சத்தம் போடவில்லை. நிக்காஹ் தேதியைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, ஷிப்ட் மாத்திக்கலாம்" என்றான் அமீர். "நீங்க பகல்ல ஓட்டுங்க. எவ்வளவு இறங்குதுன்னு பாப்போம். எஞ்சின்ல கோளாறா, என் மேல கோளாறான்னு தெரிஞ்சிடும்."

"பத்து இறங்கினா நீ திருடன்னு ஆயிடும்டா."

அவன் அதை யோசித்திருக்கவில்லை. இருந்தாலும் மாற்றிக்கொண்டோம். நான் ஓட்டிய பகலில் பதினாலு இறங்கியது. அவன் ஓட்டிய இரவில் பத்து.

மணியம் குச்சியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "நீயுமா, காலேஜு?"

இப்போது திருடர்கள் இரண்டு பேர்.

ஆனால் அந்தப் பகலில் ஒரு காரியம் நடந்தது. தொட்டியை முதல்முறையாக வெளிச்சத்தில் பார்த்தேன். இருட்டில் அது எனக்கு ஒரு குழாயும் ஒரு துளையும்தான். பகலில் பார்த்தால், சுவரோரமாகப் படுத்துக் கிடந்தது, தின்றுவிட்டுப் படுத்த பன்றி மாதிரி. நிற்கிற பீப்பாய் இல்லை, படுத்த உருளை. உச்சியில் எண்ணெய்ப் பரப்பு குறுகல், நடுவில் அகலம். உச்சியில் ஓர் அங்குலம் என்றால் கொஞ்சம் எண்ணெய். நடுவில் ஓர் அங்குலம் என்றால் நிறைய. காலையில் நிரப்புவதால் உச்சி எப்போதும் பகல்காரனுக்கு வந்தது.

மணியத்திடம் சொன்னேன். "வாய்ல சொல்லாதே. எவ்வளவு கொஞ்சம்? எவ்வளவு நிறைய?" என்றார். நியாயமான கேள்வி.

அகலம் இடத்துக்கு இடம் மாறினால் மொத்தத்தைக் கண்டுபிடிக்க இன்டெக்ரேஷன் வேண்டும். மாறுகிற வேகத்தை மட்டும் கையில் கொடுத்து, எது இப்படி மாறுகிறது என்று பின்னோக்கிக் கேட்கிற கணக்கு அது. முன்னோக்கிப் போக விதி உண்டு, மாடு கூடப் போகும். பின்னோக்கி வர விதி இல்லை, வழிகள்தான் உண்டு. எந்த வழி திறக்கும் என்பது முட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று காலை, கூலிகள் எண்ணெய் அடித்து முடிக்கும்வரை எஞ்சின் நின்ற நேரத்தில், ஜமால் கடையில் உட்கார்ந்தேன். பெட்டிப் பலகை ஒன்றில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினேன். ஆரத்தின் வர்க்கத்திலிருந்து எக்ஸின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம். தொட்டியின் பாதி அகலம் இதுதான். எக்ஸ் என்பது நடுவிலிருந்து உயரம்.

முதல் வழி, வர்க்கமூலத்துக்கு உள்ளே இருப்பதற்கு வேறு பெயர் வைப்பது. மூலத்துக்கு வெளியே ஓர் எக்ஸ் பெருக்கலாக நின்றிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். நிற்கவில்லை. அழித்தேன்.

"என்னா தம்பி, மந்திரமா?" என்றார் ஜமால். ரொட்டியை வைத்துவிட்டு நகரவில்லை.

"தொட்டிக் கணக்கு, பாய்."

"கணக்கு போட்டா திருடன் நல்லவனா ஆயிடுவானா?"

மூலையில் உட்கார்ந்திருந்த அமீர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வழி, பகுதியாகப் பிரிப்பது. ஒரு துண்டை வெளியே எடுத்தேன், மீதியை உள்ளே விட்டேன். மீதியை இரண்டாக உடைத்தேன். ஒன்று வட்டக் கோணமாக அழகாக வந்தது. இன்னொன்று, நான் எந்தக் கணக்கோடு தொடங்கினேனோ அதே கணக்கு. ஊரைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்த மாதிரி. காலேஜில் இந்த இடத்தில்தான் காகிதத்தைக் கசக்கிப் போட்டிருக்கிறேன்.

அன்று கசக்க முடியவில்லை, பலகை. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்த கணக்குக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. அப்படியென்றால் அதை இந்தப் பக்கம் கொண்டுவரலாம். இங்கே இரண்டாகும். பாதியாக்கினால் விடை.

"வந்துடுச்சு" என்றேன்.

அமீர் ஓடி வந்தான். சைன் அட்டவணையை வைத்து எண்களைப் போட்டேன். என் பழைய புத்தகங்களில் அதை மட்டும் யாரும் வாங்கவில்லை, அதனால் கையில் இருந்தது. தொட்டியின் நடுவுக்கு மேலே எல்லாம் சரி. நடுவில் சூனியம். கீழே போகப் போக எண்ணெய் கழித்தலில் வந்தது.

"அலமாக்!" என்றான் அமீர். "இருக்கிற எண்ணெய் போக இல்லாத எண்ணெயையும் நான்தான் திருடியிருக்கேன் போல!"

ஜமால் சிரித்துவிட்டார். உடனே வாயை மூடிக்கொண்டார்.

தவறு என்னுடையது. இந்தக் கணக்கின் கடைசியில் ஒரு மாறாத எண்ணைக் கூட்ட வேண்டும். எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைக் கணக்கு சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். அடித்தட்டில் எண்ணெய் சூனியம் என்று வைத்தேன். அரைத் தொட்டியைக் கூட்டினேன். எல்லாம் நேரானது.

அமீர் தொட்டியின் நீளத்தை அளந்து வந்தான். மொத்தம் எட்டு பீப்பாய் பிடிக்கும். தினம் நாலு செலவு. குச்சியின் பின்பக்கத்தில் பீப்பாய்க்கு ஓர் ஆணி என்று குறித்துக் கொடுத்தேன். நடுவில் இரண்டு ஆணிகளுக்கு இடையே ஐந்து அங்குலம்கூட இல்லை. உச்சியில் ஒன்பதுக்குக் கிட்ட. தச்சர் ஆணிகளை அடித்துவிட்டு, குடித்துவிட்டு வந்து குறித்தாயா என்று மலாயில் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. தொட்டி பாதியில் இருந்தது. "ஒவ்வொரு பீப்பாயா அடிக்கச் சொல்லுங்க, கிராணி ஐயா" என்றேன். "ஒவ்வொண்ணுக்கும் நீங்களே குச்சியை விட்டுப் பாருங்க."

முதல் பீப்பாய். குச்சியை எடுத்தார். எண்ணெய் ஆணியைத் தொட்டு நின்றது. இரண்டாவது, மயிரிழை மேலே. மூன்றாவது ஆணியிலேயே. மணியம் குச்சியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காவது பீப்பாய்க்கு எண்ணெய் ஒன்பது அங்குலம் ஏறித் தொட்டி நிரம்பியது.

"மேலே ரெண்டு பீப்பாய் பதினாலு அங்குலம்" என்றார் மெதுவாக. "கீழே ரெண்டு பீப்பாய் பத்து." குச்சியைத் துடைத்துவிட்டு, "இப்படிப் பீப்பாயா ஊத்தியே குறிச்சிருக்கலாமே, இதுக்கு எதுக்குக் காலேஜு?" என்றார்.

"குறிச்சிருக்கலாம். ஊத்தினப்புறம் குறிச்சிருந்தா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்களுக்கு ஏத்த மாதிரி குறிச்சோம்னு சொல்லியிருப்பீங்க."

அவர் மறுக்கவில்லை. மூளை உள்ள ஆள். மதியம் அமீர் எஞ்சினைக் கூலி ஒருவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனான். தொழுகை முடிந்து கடை நிறைந்திருந்த நேரத்தில் மணியம் தானாகவே ஜமாலிடம் போனார். பேச்சு எந்த இடத்தில் பரவியதோ அந்த இடத்தில் நின்று சொன்னார்: "பாய், பையன் மேல தப்பில்லை. நான் தப்பா அளந்துட்டேன். தவுக்கேகிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்லை."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஜமால் கல்லாவை மூடினார். அமீரைப் பார்த்து, "மௌலவிகிட்ட அடுத்த மாசம்னு சொல்லிடவா?" என்றார். அமீர் வேகமாகத் தலையை ஆட்டினான். அடுக்களைத் திரைக்குப் பின்னால் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஜமால் எனக்கு ஆட்டுக்கறி வைத்தார். இரண்டாம் முறையும் வைத்தார். அமீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, நான் எடுத்திருக்க மாட்டேன்னு உங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியும்தானே?"

"தெரியாது. கணக்கு முடிஞ்சப்புறம்தான் தெரியும்."

அவன் என்னை முறைத்தான். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான்.

"சரி லா. நிக்காஹ் பகல்லதான். தூங்கிடாதீங்க."

"கறி இதே மாதிரி இருந்தா வரேன்" என்றேன். எலும்பை உறிஞ்சிவிட்டு, தூங்கப் போனேன்.