நிற்காமல் போன பேருந்து

அந்தச் சனிக்கிழமை காலை அல்மாட்டி நகரில் நல்ல வெயில். பச்சைச் சந்தை நிறுத்தத்தில் மாவு மூட்டையோடு நின்றிருந்த கன்ஷாயிம், தன் கணவன் சகிந்திக் ஓட்டிவந்த பேருந்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். பேருந்து நிற்காமல் போய்விட்டது.

கோபத்தில்தான் போகிறான் என்று நினைத்தாள். முந்தின இரவு ஒரு சின்னச் சண்டை. வேறொன்றுமில்லை, கடிகாரச் சண்டை. நாடு முழுக்க ஒரே நேரம் என்று அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியபோது, "என் ஒரு மணி நேரத்தைத் திருடிட்டாங்க" என்று சமையலறைக் கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே விட்டுவிட்டான். கைபேசி மட்டும் புதிய நேரம். அதன் பிறகு அவன் பாடு கொண்டாட்டம்தான். சாப்பிட உட்காரும்போது, மணி ஏழாகிவிட்டது என்று சுவரைக் காட்டுவான். படுக்கச் சொன்னால், இன்னும் பத்துகூட ஆகவில்லை என்று கைபேசியை நீட்டுவான். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் விடுப்பு. வேலை நாளில் விடியுமுன் நாலு மணிக்கு எழுவான்; விடுப்பில் பதினொரு மணிவரை கும்பகர்ணத் தூக்கம். படுக்கப் போகுமுன் ஏழெட்டுக் கிண்ணம் பால் தேநீர் வேறு.

மாலையில் வீடு திரும்பியவனிடம் அவள் நேராகவே கேட்டாள்.

"என் மேல கோவம்னா வீட்டுல காட்டு. நிறுத்தத்துல நின்னவள ஏன் விட்டுட்டுப் போன?"

சகிந்திக் விழித்தான். பச்சைச் சந்தையில் யாருமே இல்லை, அதனால்தான் நிறுத்தவில்லை என்றான். விளையாடவில்லை, நிஜமாகவே சொன்னான். அவள் கோபம் சட்டென்று வடிந்து, பயம் வந்தது. அவனுக்கும் வந்தது. கண் திறந்திருக்க, பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளைத் தாண்டிப் போயிருக்கிறான். அடுத்த முனையில் பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள். அவற்றைத் தாண்டியது அவனுக்கு நினைவே இல்லை.

மறுநாள் விடியலில் பணிமனையில் ராய்ஸா செவிலியிடம் கையை நீட்டினான். வண்டி எடுக்குமுன் எல்லா ஓட்டுநர்களுக்கும் அவர்தான் நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று சீட்டில் முத்திரை குத்துவார். எண்கள் சரியாகவே இருந்தன. முத்திரையை எடுத்தவரின் கையைச் சகிந்திக் தடுத்தான்.

"இன்னைக்குக் குத்தாதீங்க அக்கா," என்று நடந்ததைச் சொன்னான். இந்தச் சீட்டு போனால் வண்டி கழுவுகிற வேலைதான் என்று அவனுக்குத் தெரியும்.

ராய்ஸா முத்திரையைக் கீழே வைத்தார். எப்போது படுக்கிறான், எப்போது எழுகிறான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"கண்ணு தொறந்திருக்கும்போதே நீ தூங்கியிருக்க. லீவு நாளு உனக்குத்தான் தம்பி, உடம்புக்கு லீவு கெடையாது. ரெண்டு நாளு ஒரு ஊர்ல முழிச்சு, ரெண்டு நாளு வேற ஊர்ல முழிக்கிற மாதிரி அத அலைக்கழிக்கிற. நேரங்கெட்டுத் தூங்குறது உன் சொந்த விஷயம்னு நெனச்ச. நாப்பது பேரு உன் முதுகுக்குப் பின்னால உக்காந்து வர்றாங்க."

மூன்று வாரம் கழித்து வா, தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழுந்தால் முத்திரை குத்துகிறேன் என்று அனுப்பிவிட்டார். மூன்று வாரமும் சகிந்திக் வண்டி கழுவினான். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அவனுக்கு வலித்தது, ஆனாலும் கழுவினான்.

சமையலறைக் கடிகாரத்தை முதல்நாளே புதிய நேரத்துக்குத் திருப்பினான். பழக்கம் அவ்வளவு லேசில் திரும்பவில்லை. முதல் விடுப்பு நாளில், இரவு எட்டரை மணிக்கு, இன்னொரு கிண்ணம் என்று நீட்டினான். கன்ஷாயிம் விளிம்பு தளும்ப ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் வழக்கத்தில் பிரியமானவர்களுக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், மறுபடி மறுபடி ஊற்றலாமே என்று. நிரம்ப ஊற்றினால் எழுந்து போகலாம் என்று அர்த்தம்.

"என்ன, விருந்தாளிய வெரட்டுற மாதிரி?"

"வெரட்டத்தான் செய்றேன். போய்ப் படு."

சிரித்துக்கொண்டே கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தான். அன்றிலிருந்து எட்டரைக்கு நிரம்பிய கிண்ணம் வந்துவிடும். ஒன்பதுக்கு விளக்கு அணைந்துவிடும். விடுப்பு நாளிலும் நாலுக்கே எழுந்து, வேறு வேலை இல்லாமல் ரொட்டி வாங்க நடந்தான். மூன்றாவது வாரம் அலாரம் அடிக்குமுன் விழிப்பு தானாக வந்தது.

மூன்று வாரம் முடிந்து ராய்ஸா முத்திரை குத்திய நாள். பச்சைச் சந்தை நிறுத்தத்தில் பேருந்து நின்று கதவு திறந்தது. கன்ஷாயிம் ஏறி அவன் பக்கத்தில் நின்றாள்.

"இன்னைக்கு நான் தெரிஞ்சேனா?"

"உன் கோட்டுல ரெண்டாவது பட்டன் இல்ல. வலது காலணிக்கு நாடா கட்டல. தூரத்துலயே தெரிஞ்சுது," என்றான். பிறகு குரல் தணிந்தது. "நேரத்துக்குத் தூங்குறவனுக்குத்தான் எதுக்க நிக்கிறவங்க தெரிவாங்க, கன்ஷாயிம். நான் இத்தனை நாளா கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுக் குருடனா ஓட்டியிருக்கேன்."

அவள் குனிந்து நாடாவைக் கட்டி முடிக்கும்வரை காத்திருந்து, வண்டியை எடுத்தான்.