யாரோ ஒரு அமெரிக்கத் தாய்க்காக

என் வீட்டுக்காரர் அமலதாஸ் பாட்டுக்கு அழுகிறவர். தமிழ்ப் பாட்டுக்கு அல்ல, அமெரிக்காவின் பழைய கன்ட்ரி என்கிற கிராமியப் பாட்டுகளுக்கு. செடெனாக் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த மனிதரிடம் எங்கோ இருக்கிற மலையும் ரயிலும் எப்படி ஒட்டிக்கொண்டன என்பது எனக்கு விளங்கியதே இல்லை. ரயிலேறிப் போன மகனைத் தேடி ஸ்டேஷனுக்கு நடக்கும் ஒரு தாயைப் பற்றி கித்தார் வாசித்துப் பாடுவார். கடைசி அடி வரும்போது கண்ணீர் தாரை தாரையாக ஓடும்.

“யாரு வீட்டு எழவுக்கோ நீங்க ஏன் ஒப்பாரி வைக்கிறீங்க?” என்று கிண்டல் செய்வேன்.

பிப்ரவரியில் எங்கள் மகன் மார்கஸ், மாசாய் டவுனில் வேலை முடிந்து திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். அப்போது இந்த மனிதர் கண்கூடக் கலங்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையின் பெயரையே வாயில் எடுக்கவில்லை. கித்தாரை அலமாரி மேல் போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு அமெரிக்கக் கிழவிக்கு வடித்த கண்ணீரில் ஒரு சொட்டு என் பிள்ளைக்குக் கிடையாதா? ஒரு தடவையாவது அவன் பெயரைச் சொல்லமாட்டாரா?

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அவருக்குத் தெரியாமல் கித்தாரைக் காரில் ஏற்றினேன். மார்கஸின் கல்லறைக்குப் போனோம். ஃபாதர் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பக்கத்துக் குடும்பம் மெழுகுவத்தி ஏற்றி, செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நான் கித்தாரைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தேன்.

“அந்த ரயில் பாட்டப் பாடுங்க.”

“வேணாம்லா, ஐலீன்.”

“ஏன்? ஒங்க மகனுக்குப் பாட வாய் வரலையா?”

“பாடுனா ஒடஞ்சி போயிருவேன். அப்புறம் ஒன்ன யாரு பாத்துக்குவா?”

இத்தனை மாதமும் இவரைக் கல் என்று திட்டியிருக்கிறேன்.

“என்னைய நான் பாத்துக்குறேன். நீங்க பாடுங்க.”

கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துப் பாடத் தொடங்கினார். குரல் கரகரத்தாலும் தாளம் தப்பவில்லை. அந்தத் தாய் ஸ்டேஷன் வாசலில் நின்று மகனைக் கூப்பிடும் இடம் வந்தது. அங்கே குரல் நின்றுவிட்டது. விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தன.

“மார்கஸ்...” என்றார். “வீட்டுக்கு வாடா, மார்கஸ்.”

பக்கத்தில் செபமாலைச் சத்தம் நின்றது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதபடி திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்து நானும் அவரோடு சேர்ந்து கூப்பிட்டேன்.