மேல்தளமா, கீழ்த்தளமா

அந்தக் கப்பலில் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒரு குடும்பத்துக்கு இரண்டு இடத்தைக் காட்டினால் இரண்டு கட்சி முளைக்கும் என்பது கப்பல் கட்டியவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. மேல்தளத்தில் சுற்றிலும் கண்ணாடி போட்ட பெரிய கூடம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, வேண்டியதை வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சாப்பிடலாம். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத இன்னொரு கூடம். வெள்ளைத் துணி விரித்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும், எல்லாம் தேடி வரும்.

பெரியவள் மேல்தளக் கட்சி, சின்னவள் கீழ்த்தளக் கட்சி. அப்பா எந்தக் கட்சி என்பதில்தான் வினையே இருந்தது.

அம்மா போனபிறகு அப்பா தனியாக இருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். இனி இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டுக்கு அவர் போயாக வேண்டும். யார் வீட்டுக்கு என்று கேட்டால், "கப்பல்லேர்ந்து இறங்கற அன்னிக்குச் சொல்றேன்" என்று தவணை வாங்கியிருந்தார். மருமகன்கள் இருவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நழுவிவிட்டார்கள். அக்கா தங்கை நடுவில் கடலில் மாட்டிக்கொள்ள அவர்களுக்கென்ன தலையெழுத்தா? ஆக, மூன்று பேர்தான் கப்பல் ஏறினார்கள்.

பயணத்துக்கு டிக்கெட் போட்டது சின்னவள். அதுவே பெரியவளுக்கு முதல் முள். சின்னவள் வீடு வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைக்கும் கம்பெனியில் இருக்கிறாள். போனும் கையும் ஒட்டிப் பிறந்தவள். பெரியவளுக்குத் தையற்கடை. ஆள் வாசற்படி ஏறும்போதே தோள் அளவைச் சொல்லிவிடுவாள், டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்காகத்தான். அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்பாவோ ஒரு ஹோட்டலில் சர்வராக இருந்து தலை நரைத்தவர். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு, கூட்டத்தை வளைந்து வளைந்து வருவார். ஒரு சொட்டு சிந்தாது. பள்ளிக்கூடம் போகும் வழியில் பெண்கள் இருவரும் அந்த ஹோட்டலின் கடைசி மேஜையில் உட்கார்ந்துதான் காலையில் சாப்பிடுவார்கள். அடுக்கிலிருந்து முதல் தட்டு எப்போதும் பெரியவளுக்கு. பிறகுதான் சின்னவளுக்கு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, மூத்தவள் என்பதால் இருக்கலாம். ஆனால் அந்த முதல் தட்டைப் பெரியவள் இன்றுவரை மறக்கவில்லை. பிள்ளை குட்டி பெற்று, கடை வைத்து, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள் இதையெல்லாமா மனசில் வைத்திருப்பாள் என்று கேட்பவர்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது என்று அர்த்தம்.

முதல் நாள் காலை மின்தூக்கி வாசலில் நின்று பெரியவள் மேலே போகும் பொத்தானை அமுக்கினாள். சின்னவள் கீழ்ப் பொத்தானை அமுக்கினாள்.

"மேலே போலாம்பா. கடலு தெரியும். எல்லாம் நாமளே பாத்து எடுத்துக்கலாம்" என்றாள் பெரியவள்.

"கீழே போலாம்க்கா, நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம்" என்றாள் சின்னவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "எனக்குக் கீழேயே போதும்மா" என்றார்.

"அப்ப நீங்க போங்க. நான் மேலே போறேன்" என்று பெரியவள் விறைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். பின்னாலேயே அப்பா வருவார் என்று நினைத்தாள். இரண்டு பேருக்கு ஜன்னலோர மேஜையைப் பிடித்து, எதிர் நாற்காலியில் தன் கைப்பையை வைத்துக் காத்திருந்தாள். ரொட்டி ஆறியது. கைப்பைதான் கடைசிவரை எதிரில் உட்கார்ந்திருந்தது.

மறுநாளும் அதே கதை. ஆனால் அன்று பெரியவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, படிகளில் இறங்கி, கீழ்த்தளக் கூடத்தின் கண்ணாடிக் கதவு வழியாகத் திருட்டுப் பூனை மாதிரி எட்டிப் பார்த்தாள். உள்ளே சின்னவள் ரொட்டியில் வெண்ணெய் தடவி அப்பாவின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அம்மா போனபிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்துப் பெரியவள் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு வந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அது தங்கை மேஜையில் வந்தது என்று வயிறெரிந்தாள்.

'வெள்ளைத் துணியும் வெண்ணெயும் காட்டி மயக்கறா' என்று நினைத்தாள். 'டிக்கெட் போட்டதும் இதுக்குத்தான். அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ராத்திரி பகலா இருந்தது நான். இன்னிக்கு ரொட்டிக்கு வெண்ணெய் தடவறவ நல்லவளாயிட்டா.' தங்கையின் முதுகு, தங்கையின் புதுச் சட்டை, தங்கை அப்பா பக்கம் சாயும் சாய்வு எல்லாவற்றையும் அந்தத் தையற்காரக் கண் அளந்து எடுத்துக்கொண்டது. அப்பாவின் பக்கம் அது போகவே இல்லை.

அன்று மாலை சின்னவள் அறைக்கு வந்து, "நாளைக்காவது எங்களோட வாயேன்க்கா" என்று கூப்பிட்டாள்.

"உங்களுக்கு நடுவுல நான் எதுக்கு?"

"எங்களுக்கு நடுவுலன்னா? அவரு உனக்கும் அப்பாதானே?"

"அது உனக்கு ஞாபகம் இருக்கே, அது போதும்" என்றாள் பெரியவள். சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

மூன்றாம் நாள், தங்கை எழுவதற்கு முன்பே பெரியவள் அப்பாவின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் குளித்து, சட்டையின் மேல் பொத்தான் போடாமல் நின்றார். எப்போதும் கழுத்துவரை பொத்தான் போடுகிறவர். அதையும் அவள் பார்த்தாள், ஆனால் யோசிக்கவில்லை.

"இன்னிக்கு என்னோட மேலே வர்றீங்க. ஒரு நாள் எனக்கும் குடுங்கப்பா."

"கீழேயே போலாமேம்மா. சின்னவ தேடுவா."

"தேடட்டும். ரெண்டு நாளா நான் தேடல?"

அப்பா கூடவே வந்தார். ஜெயித்துவிட்டோம் என்று பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேல்தளத்தில் கூட்டம் நெரிந்தது. பலகைமேல் அடுக்கியிருந்த தட்டுகளில் இரண்டை எடுத்து அப்பாவின் கைகளில் கொடுத்தாள்.

"எனக்கும் சேர்த்து நீங்களே எடுத்துட்டு வாங்கப்பா. அந்தக் காலத்து மாதிரி. நான் போயி ஜன்னலோரமா இடம் பிடிக்கறேன்."

ஆசையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஆசைக்குள், தங்கை வெண்ணெய்தான் தடவினாள், எனக்கு அப்பாவே பரிமாறுகிறார் என்ற கணக்கும் இருந்தது.

அவள் இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது அப்பா வரிசையின் முடிவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு தட்டிலும் முட்டையும் ரொட்டியும் பழத்துண்டுகளும். ஒரு தட்டை இடது மணிக்கட்டில் ஏற்றப் பார்த்தார். தட்டு நடுங்கியது. கப்பல் ஆடுகிறதோ என்று அவள் பக்கத்து மேஜைத் தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் இருந்தது.

முட்டை முதலில் வழுக்கியது. அதைப் பிடிக்கப் போய் இரண்டு தட்டும் விழுந்தன. கெட்டி பிளாஸ்டிக் தட்டுகள், உடையவில்லை. உடைந்திருந்தால் ஒரே சத்தத்தோடு முடிந்திருக்கும். ஒரு தட்டு சக்கரம் மாதிரி ஜனங்களின் கால்களுக்கு நடுவே உருண்டு போய், சுற்றிச் சுற்றி, நிதானமாக அடங்கியது. கூடமே திரும்பிப் பார்த்தது. கப்பல் பணியாளர் ஒருவர் துடைப்பத்தோடு ஓடிவந்தார். அதற்குள் அப்பா மண்டியிட்டு, வெறும் கையால் முட்டையை வழித்துக்கொண்டிருந்தார்.

"நான் பண்றேன் தம்பி. நான் கொட்டினது நானே எடுத்துடறேன்" என்று அந்தப் பணியாளருக்குப் புரியாத பாஷையில் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவள் போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அந்தத் தோள் எப்போது இவ்வளவு குறுகியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்தாள். கடல் தெரிந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நாளாப்பா?"

"உங்கம்மா போனதிலேர்ந்து. வெறும் கையா இருந்தா தெரியாது. ஏதாவது தூக்கினா ஆடுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்லவே வேணாம். நீ பாத்துடுவே. அதான் பயம்." அவர் கைகளை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "பாத்துட்டா என் கையிலேர்ந்து எல்லாத்தையும் வாங்கிக்குவே. காபிய நீயே ஊட்டுவே. சட்டைப் பொத்தானை நீயே போடுவே. உங்கம்மாவையும் அப்படித்தானே பண்ணினே. பாசத்துல பண்ணினே, இல்லேங்கல. ஆனா அவ ஒரு நாள் என்கிட்ட அழுதா, என்னைக் கொழந்தையாக்கிட்டான்னு."

பெரியவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"சின்னவ அப்படியில்ல. அவ எங்க என்னைப் பாக்கறா? நாள் பூரா போனைத்தான் பாப்பா. அவ முன்னாடி சிந்தினாலும் நானே துடைச்சுக்கலாம். அதனாலதான் அவ வீட்டுக்கே போயிடலாம்னு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இப்படித்தான் அந்த முடிவு அவள் காதில் விழுந்தது. அவள் வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று தெரிந்து, எழுந்து போய் அவருக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். நேராகத் தங்கையின் அறைக்குத்தான் போனாள். எரிச்சலில் கதவைத் தட்டிய தட்டுக்குப் பக்கத்து அறைக் கதவும் திறந்தது.

"கண்ணு இருக்கா உனக்கு? ரெண்டு நாளா எதிர்ல உக்காந்து சாப்பிட்டே. அப்பா கை எப்படி ஆடுதுன்னு ஒரு தடவையாவது பாத்தியா? எப்பப் பாரு அந்தப் போனு!"

சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளாவா? அம்மா போன முதல் மாசத்துலேயே பாத்துட்டேன்க்கா. காபி ஊத்தினாரு, பாதி டம்ளர்ல, பாதி மேடையில. நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் மொகம் செத்துப்போச்சு. அன்னிலேர்ந்து போனைப் பாக்கறேன்."

"சும்மாவா பாக்கறே?"

"பின்ன? எனக்குக் காலைல யாரு போன் பண்ணுவா? வீடு வாங்கறவன் விடிஞ்சதும் எழுந்திருப்பானா? கீழே போலாம்னு சொன்னதும் அதுக்குத்தான். அங்க தட்டு தூக்க வேணாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பாக்காம இருக்கறது சுலபம்னு நெனச்சியா? நேத்து கோப்பை சாஞ்சுது. பிடிக்காம உக்காந்திருந்தேன் பாரு, அது எனக்குத்தான் தெரியும்."

பெரியவளுக்குத் தங்கைமேல் எத்தனையோ பொறாமை இருந்திருக்கிறது. அவள் நிறம், அவள் படிப்பு, அவள் வாய்ச் சாமர்த்தியம். அத்தனையும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. ஊரார் தோளையெல்லாம் அளந்த தன் கண்ணுக்குத் தப்பியதை அவள் முதலில் பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு நிற்காமல், பார்க்காதவளாகவும் இருந்திருக்கிறாள். அந்தக் கண்ணாடிக் கதவு வழியாகத் தான் எதை வெறித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துப் பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. சமாதானமாக ஒரு வார்த்தை சொல்ல வந்தவள், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றுதான் சொன்னாள்.

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?"



இறங்கவேண்டிய கடைசி நாள் காலை மின்தூக்கி வாசலில் பெரியவளே கீழ்ப் பொத்தானை அமுக்கினாள். அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி மேஜையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் வழக்கம்போல் போனை எடுத்துக் கண்ணை அதில் நட்டாள். பெரியவளும் தன் போனை எடுத்தாள்.

அப்பா காபிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார். கோப்பை தட்டில் மோதிக் கடகடவென்றது. பெரியவளின் கை தானாக மேஜைமேல் பாதி தூரம் போய்விட்டது. அதை இழுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் அமுக்கிக்கொண்டாள். துணியில் ஒரு பழுப்பு வட்டம் பரவியது. அவள் போனையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைத்தால் தெரிந்துவிடும் என்று அதையும் விட்டுவிட்டாள். அப்பா குடித்து முடித்தார். கைக்குட்டையை எடுத்துத் தானே துடைத்தார். அவசரமே இல்லாமல், மூலை மூலையாக, பழைய சர்வர் துடைக்கிற மாதிரி துடைத்தார்.

பிறகு, "பெரியவளே" என்றார்.

"என்னப்பா?" என்றாள், தலை நிமிராமல்.

"உன் போனு அணைஞ்சு கெடக்கும்மா. கருப்பா இருக்கு."

அவள் அப்போதுதான் பார்த்தாள். ராத்திரி சார்ஜ் போட மறந்திருந்தாள். அப்பா அவள் போனைப் பார்த்தார், திரும்பிச் சின்னவளின் போனைப் பார்த்தார். அதுவும் ஒரே படத்தைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரமாக அசையாமல் இருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். எத்தனை மேஜை பார்த்த மனிதர்! அவருக்குப் புரிய அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார்.

"உங்க வீட்டுல காலையில எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவீங்க?" என்று பெரியவளிடம் கேட்டார்.

"எட்டு மணிக்குப்பா" என்றாள் பெரியவள். எதிரே சின்னவள் போனிலிருந்து முகத்தை நிமிர்த்தினாள். சிரிக்க முயன்றாள், உதடு சொன்னபடி கேட்கவில்லை. அந்த முகத்தைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் இரண்டு நாளும் மேல்தளத்து ஜன்னல் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணியாளர் தட்டுகளோடு வந்து முதல் தட்டைப் பெரியவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். ஆனால் அதிலிருந்த முட்டையில் பாதியைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான்.