கொம்பியூட்டர் மருமகன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து ரிஸ்மி சோற்றில் கை வைத்த நேரம், ஆஸியா உம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றுகொண்டு, "மருமகன்கிட்ட செல்லு மகள், நாளைக்கு கண்டிக்குப் போய் சின்ன லெப்டொப் ஒண்டு எடுக்கணும்" என்றார். ரிஸ்மி எடுத்த கத்தரிக்காயைத் திரும்பத் தட்டில் வைத்தான். அவன் இருந்தது மூன்றடி தூரத்தில்தான். ஆனாலும் கல்யாணம் முடிந்த இந்த இரண்டு மாதமும் மாமியார் அவனிடம் பேசுவதென்றால் மகள் மின்ஹா வழியாகத்தான். புது மருமகனுக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது.

"கட்டார்ல ஈக்கிற மஸாஹிரா தாத்தாட புள்ளய போன்ல பாத்துப் பாத்து உம்மாக்கு கண்ணு வலிக்குதாம்" என்றாள் மின்ஹா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அக்காவை அவர்கள் தாத்தா என்பார்கள். "விலை குறைஞ்ச, வீட்டுக்குப் போதுமான ஒண்டு."

"மருமகனுக்குத் தெரியாத கொம்பியூட்டரா" என்று சொல்லிவிட்டு உம்மா உள்ளே போனார்.

மருமகனுக்கு ஒன்றும் தெரியாது. ரிஸ்மி கடுகண்ணாவையில் ஒரு தளபாடப் பட்டறையில் கொம்பியூட்டர் மேசை செய்கிறவன். கல்யாணம் பேச வந்த தரகர் ஹாஷிம் நானாவிடம் அவனுடைய உம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். ஹாஷிம் நானா பஸ் ஏறி கட்டுகஸ்தோட்டைக்கு, பெண் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மேசை வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. மாப்பிள்ளை கொம்பியூட்டர் வேலை என்று ஆஸியா உம்மா தெரு முழுக்கச் சொன்னார். கல்யாண வலீமா விருந்தில் ஒரு பெரியவர் ரிஸ்மியின் தோளைத் தட்டி, தன் மகனின் கொம்பியூட்டரில் வைரஸ் இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். வாயில் வட்டிலப்பம் இருந்தது. தலையை ஆட்டிவிட்டான். அந்தத் தலையாட்டல்தான் அவன் செய்த ஒரே பொய். அதற்குப் பிறகு அதைக் கட்டிக் காப்பதே பெரிய வேலையாகிவிட்டது. தினமும் காலையில் மாமியார் அயர்ன் பண்ணி வைத்த முழுக்கைச் சட்டையோடு புறப்பட்டு, பட்டறையில் கழற்றி மாட்டிவிட்டு மரம் அறுத்தான். மின்ஹாவுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அவனுடைய காதுமடலில் மரத்தூளைப் பார்த்து விசாரித்து, தலையணையில் முகம் புதைத்துச் சிரித்து முடித்தபின் சொன்னாள்: "உம்மாக்கு இப்ப செல்ல வாணாம். அவ ஊரெல்லாம் செல்லிட்டா."

சனிக்கிழமை மின்ஹாவுக்குத் தலைவலி. உண்மையான தலைவலியா என்பதில் ரிஸ்மிக்குச் சந்தேகம் இருந்தது. மாமியாரும் மருமகனும் பஸ்ஸில் முன்பின் ஆசனங்களில் பேசாமல் கண்டி வந்து சேர்ந்தார்கள்.

கடையில் இராமகிருஷ்ணன் என்று சட்டையில் பெயர் குத்திய விற்பனையாளன் ஒரு மேசையில் வரிசையாகச் சின்ன லெப்டொப்களைத் திறந்து வைத்திருந்தான். "வாங்கம்மா, வாங்கண்ணே. வீட்டுக்குத்தானே? இது நாலு ஜிபி ரெம். இது எட்டு. கொஞ்சம் விலை கூட, ஆனா வேகமா இருக்கும்."

ஆஸியா உம்மா மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெருமை நிறைந்திருந்தது. ரிஸ்மி ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். மூடித் திறந்து, கதவுக் கீலைப் பார்ப்பதுபோல் பிணைச்சலைக் கவனித்தான். பிணைச்சல் பரவாயில்லை. இன்னும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"எட்டு கூடிப்போச்சு" என்றான். "வீட்டுல மூணு பேர்தான் ஈக்கிற. நாலு காணும்."

இராமகிருஷ்ணன் ஒரு கணம் அவனையே பார்த்தான். உம்மா மெல்லத் தலையசைத்தார், வீண் செலவு செய்யாத பிள்ளை என்பதுபோல.

"அண்ணே, உங்கள எங்கயோ பாத்திருக்கேன்" என்றான் இராமகிருஷ்ணன். ரிஸ்மி அவசரமாகக் குனிந்து ஒரு பெட்டியில் இருந்த ஆங்கிலத்தை வாசிக்கத் தொடங்கினான். "கடுகண்ணாவைதானே? இந்த மேசையெல்லாம் நீங்கதானே கொண்டாந்து பொருத்தினீங்க? ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஒண்ணுகூட ஆடலண்ணே. மொதலாளி இப்பவும் சொல்லுவாரு."

ரிஸ்மி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு தன் வேலையை ஒருவன் நினைவு வைத்துப் புகழ்கிறான், அதைக் கேட்டு ஓடி ஒளியத் தோன்றுகிறதே என்று அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆஸியா உம்மா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். லெப்டொப்கள் அசையவில்லை. குனிந்து அடியில் பார்த்தார். விரலால் தடவினார். நிமிர்ந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"தம்பி, எது நல்லம் எண்டு நீங்களே செல்லுங்க" என்றார் இராமகிருஷ்ணனிடம்.

அவன் எட்டு ஜிபியை எடுத்துக் கட்டிக் கொடுத்தான்.

திரும்பும்போது உம்மா ஓட்டோ பிடிக்கச் சொன்னார். பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது. ஓட்டோ மகாவலிப் பாலத்தைத் தாண்டியது. பிறகு உம்மா முன்னால் பார்த்து, சாரதியிடம் கேட்டார்: "பலகை இப்ப மிச்சம் விலையா?"

சாரதி கண்ணாடியில் குழப்பத்தோடு பார்த்தான்.

"தேக்கு விலை கூடத்தான் மாமி" என்றான் ரிஸ்மி. "மேசைக்கு நாங்க ஒட்டுப்பலகைதான் போடுற."

"ஓ" என்றார் அவர், சாரதியின் முதுகிடம்.

வீட்டில் அதைவிடப் பெரிய சோதனை காத்திருந்தது. பக்கத்து வீட்டு பாயிஸா, மகனுடைய செத்துப்போன கொம்பியூட்டரை ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, முன்னறைக் கதிரையில் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "மருமகன் ஒருக்கா பாத்தா காணும்" என்றார்.

ரிஸ்மி வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் திறந்தான்.

"மருமகன் அந்த வேலய உட்டுட்டாரு" என்றார் ஆஸியா உம்மா.

"எப்ப?"

"இண்டைக்கு." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இப்ப மேசை வேலை. கொம்பியூட்டர் கண்ணுக்குக் கூடாது."

பாயிஸா இரக்கத்தோடு ரிஸ்மியின் கண்களை மாறி மாறிப் பார்த்தார். அறைக்கதவுக்குப் பின்னால் மின்ஹா இருமினாள். இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

"ஒங்களுக்கு மேசை வேணுமெண்டா செல்லுங்க" என்று உம்மா தொடர்ந்தார். "கண்டியில பெரிய கடைக்கெல்லாம் எங்கட மருமகன்தான் செஞ்சீக்கி. உலுக்கினாலும் ஆடாது."

பாயிஸா கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். ரிஸ்மி சுவரோரமாக நின்றான்.

"மருமகன்கிட்ட கேளு மகள், இவ்வளவு நாளும் எனத்துக்கு வாய் தொறக்கல்ல எண்டு."

மின்ஹா கேட்கவில்லை. ரிஸ்மியே சொன்னான்: "நீங்க எல்லாருக்கும் சந்தோசமா செல்லிட்டீங்க மாமி. ஒங்கட மூஞ்சிய நெனச்சேன்."

அவர் நெடுநேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார். கோபம் வருமா, அழுகை வருமா என்று அவருக்கே தெரியாததுபோல இருந்தது. கடைசியில், "ஹாஷிம் வரட்டும்" என்றார். "மேசைய எங்க போட்டாரெண்டு கேக்குறேன்."

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மின்ஹா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருக்கும்போது, உம்மா லெப்டொப்பைத் திறந்தார். கட்டாரில் குழந்தை பகல் தூக்கம் விட்டு எழும்பும் நேரம், கூப்பிட வேண்டும். ஆனால் திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்.

"இது எனத்த கேக்குது?"

ரிஸ்மி பக்கத்தில் வந்து குனிந்தான். "தெரியல்ல மாமி" என்றான். அந்த வீட்டில் அதை இவ்வளவு இலேசாகச் சொல்லலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இடப்பக்கம் அமத்தவா?"

"அமத்திப் பாருங்க."

அமர்த்தினார். ஒன்றும் நடக்கவில்லை. வலப்பக்கத்தையும் அமர்த்தினார். திரை சட்டென்று கறுத்து, பிறகு வெளிச்சமானது. அதில் ஒரு வயதான பெண்ணும் ஒரு இளைஞனும் வாயைத் திறந்தபடி மிக அருகிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மா பதறி முக்காட்டை இழுத்துவிட்டார். உள்ளேயிருந்த பெண்ணும் இழுத்துவிட்டாள். மூடுவது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே, நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.