மெய்ப்பிக்கப்படாத கருதுகோள்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் மலர்கொடி தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரோடு சரி. ஒவ்வொரு ஜூன் மாதமும், இந்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று துறைத்தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் ஆய்வேடுகளைத் திருத்துகிற தலைவலியை எல்லாருமாகச் சேர்ந்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் ஆய்வேடு எப்படி உருவாகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. தலைப்பைச் சொன்னால் போதும், என்றைக்கோ யாரோ எழுதியதை எடுத்து, ஊர்ப்பெயரை மாற்றி, ரெக்சின் அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் பொறித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு வசதியில்லாத பிள்ளைகள் தாங்களே எழுதுவார்கள். அவர்களும் கருதுகோளைக் கடைசியில்தான் எழுதுவார்கள். ஆய்வு தொடங்கும் முன்பே 'இது இப்படித்தான் இருக்கும்' என்று துணிந்து சொல்லவேண்டிய ஒற்றை வாக்கியம் அது. இவர்கள் முடிவுரையை எழுதிவிட்டு, அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு முதல் இயலில் ஒட்டுவார்கள். அப்புறம் 'கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது' என்று முடிக்க என்ன கஷ்டம்? அங்கே கருதுகோள் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

மலர்கொடிக்கு இது பற்றிக்கொண்டு வரும். வேலைக்கே நிச்சயமில்லாதவளுக்கு எதற்கு இந்த வீம்பு என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வருஷம் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, "உன் ஆய்வை ஒரே வாக்கியத்துல சொல்லு" என்றாள்.

தமிழழகன் எழுந்து, "அம்மன் வழிபாடு மிகவும் தொன்மையானதுங்கம்மா" என்றான்.

"யாருய்யா இல்லேன்னா? சண்டைக்கு வர ஒரு ஆளாவது இருக்கணும். 'அதெல்லாம் கிடையாது'ன்னு ஒருத்தன் சொல்ல முடியாட்டி அது கருதுகோளே இல்ல. சும்மா தலையாட்டுற பேச்சு."

தமிழழகன் உட்கார்ந்தான். மறுவாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டான். ஒவ்வொருவராக எல்லாரும் போய்விட்டார்கள். சிவரஞ்சனி மட்டும் போகவில்லை.

சிவரஞ்சனி கீழப்பழுவூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர்க்காரி. அப்பா பெரியசாமி சுமை தூக்குகிறவர். மூன்று பெண்களில் இவள் மூத்தவள். "எம்.ஏ. ஒரே மூச்சுல தேறிட்டா பி.எட். சேத்துவுடறேன். எங்கியாவது தட்டிப்போச்சுன்னா அத்தை மவனுக்குக் கட்டிவெச்சிடுவேன். பின்னாடி ரெண்டு பேரு நிக்குதுங்க" என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பி.எட். முடித்து, டீச்சராகி, தன் சம்பளத்தில் தன் வூடு என்று அந்தப் பெண் எவ்வளவோ கனவு வைத்திருந்தது. மலர்கொடிக்கும் இது தெரியும்.

அவள் ஊரில் ஒரு வழக்கம். தை அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மரக்கால் புதுநெல்லை அம்மன் கோயிலில் கொட்டுவார்கள். ஊரில் பாதி நிலம் சிமெண்ட் கம்பெனிக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டப் போய்விட்டது. சிவரஞ்சனி நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நிலம் போன வீடுகளில் நெல் கொட்டும் வழக்கமும் அற்றுப்போனது."

"ஆகா!" என்று மேசையில் தட்டினாள் மலர்கொடி. "இதுக்கு ஒருத்தன் சண்டைக்கு வருவான். போ, போய் வூடு வூடா விசாரி."

போனாள். தை மாதம் முழுக்கக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"எல்லாம் போச்சுங்கம்மா. நிலம் வித்தவங்களும் நெல்லு கொண்டாந்து கொட்டுறாங்க. எங்க தெரு பெரியம்மாளக்கா இருக்காங்கல்ல, அவங்களுக்கு ஒரு குழி நிலம் கெடையாது இப்ப. கூலிக்காசுல மண்டியில நெல்லு வாங்கியாந்து கொட்டுது. 'வெளைஞ்சதைத்தானக்கா குடுக்கணும், வாங்கினதைக் குடுக்கலாமா'ன்னு கேட்டேன். 'என் நெலம் போனது எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் உள்ள விவகாரம்டி, ஆத்தாளுக்கு என்னா வந்துச்சு? அவ பங்கு அவளுக்கு'ன்னு சொல்லுதும்மா."

மலர்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ வருஷமாகப் பொன்னெழுத்துக் குப்பைகளைப் புரட்டிச் சலித்த கண்ணுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மாவா? "அடி பைத்தியமே! எதுவும் போகல. இதுதான் ஆய்வு. நீ நெனச்சது தப்புன்னு ஊரு உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. அப்படியே எழுது."

சிவரஞ்சனி எழுதினாள். மலர்கொடி திருத்தினாள். அவள் மறுபடி எழுத, இவள் மறுபடி திருத்தினாள். முடிவுரையில் 'கருதுகோள் மெய்ப்பிக்கப்படவில்லை' என்று முதல் வரி. ஏன் என்பதற்குப் பெரியம்மாளின் பேச்சு. துறைத்தலைவர் குழந்தைவேல் கையெழுத்துப் போடும்போதே புருவத்தைச் சுருக்கினார். "என்னம்மா இது, அபசகுனமா? புறத்தேர்வாளர் வேற மாதிரி ஆளு, பாத்துக்கங்க" என்றார். மலர்கொடி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாய்மொழித் தேர்வு அன்று தமிழழகன் உள்ளே போய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். சிவரஞ்சனி முறை வந்தது. நெறியாளர் என்ற முறையில் மலர்கொடியும் உள்ளே இருந்தாள். புறத்தேர்வாளர் வேறு ஊர்ப் பேராசிரியர், நல்ல பருமன், சந்தனப் பொட்டு. அவர் ஆய்வேட்டைக் கடைசியிலிருந்து திறந்தார். எல்லா ஆய்வேட்டையும் அப்படித்தான் திறப்பார்.

"என்னம்மா, மெய்ப்பிக்கப்படவில்லைன்னு போட்டிருக்கு?"

"ஆமாங்கய்யா. களத்துல வேற மாதிரி..."

"வேற மாதிரி இருந்தா கருதுகோளை மாத்தணும். நான் பாத்த வைவாவுல தோத்துட்டேன்னு தன் கைப்பட எழுதிக் குடுத்த ஒரே புள்ள நீதான். நீயே ஃபெயில்னு எழுதிட்டா நான் எப்படிப் பாஸ் போடுறது?"

மலர்கொடி குறுக்கே பாய்ந்தாள். கருதுகோள் தோற்பது ஆய்வு தோற்பதாகாது, அந்தத் தோல்விதான் கண்டுபிடிப்பு என்று படபடவென்று பேசினாள். அவர் கேட்டுக்கொண்டார். கோபப்படக்கூட இல்லை. ஆள் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை.

"சரி, புள்ள பாவம்" என்றார். "மதியம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். முதல் இயல்ல ஒரு வரி, கடைசியில ஒரு பக்கம். மெய்ப்பிக்கப்பட்டதுன்னு மாத்தி வெச்சுக் குடுங்க, நல்ல மார்க்காவே போட்டுடறேன்."

சிவரஞ்சனி நிமிர்ந்தாள். வாய் திறந்தாள்.

"மாத்த வேண்டியதில்லைங்கய்யா!" என்றாள் மலர்கொடி. "அவ கண்ணால பாத்ததை எழுதியிருக்கா. பொய் எழுத மாட்டா."

சிவரஞ்சனி வாயை மூடிக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றார். அந்தப் பெண் மலர்கொடியைப் பார்த்தது. பிறகு மெல்லத் தலையாட்டியது. மலர்கொடிக்கு நெஞ்சு விம்மியது. வெளியே வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு, "நீதான்டி என் மாணவி" என்றாள்.

ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண், ஆய்வேட்டில் மட்டும் ஃபெயில். மலர்கொடி பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பார்த்தாள். வாய்மொழித் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது, பதிவான கருதுகோளை மாற்றாமல் அடுத்த பருவத்தில் மீண்டும் சமர்ப்பிக்கலாம் என்று பதில் வந்தது. பெரியசாமி சொன்ன சொல் மாறவில்லை. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அரியலூரில் மெக்கானிக். பத்திரிகையில் பெண் பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மலர்கொடி போனாள், மொய் எழுதினாள், சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

ஐப்பசியில் சிவரஞ்சனியிடமிருந்து போன் வந்தது. "அம்மா, பத்திரிகையில எம்.ஏ.ன்னு போட்டுட்டு சர்டிபிகேட் எங்கன்னு மாமியாரு தெனமும் கேக்குது. மறுபடி வெக்கலாம்ல?"

முடிவுரையின் அந்தப் பக்கத்தை மலர்கொடியே உட்கார்ந்து டைப் செய்தாள். 'நிலம் இழந்தோரிடையே நெல் கொட்டும் வழக்கம் அற்றுப்போயிற்று. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.' எத்தனை பிள்ளைகளிடம் இதே வரியை அடித்துக் கிழித்திருப்பாள்! சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அரியலூர் போனாள்.

சிவரஞ்சனி இளைத்திருந்தாள். மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்கவில்லை. பக்கத்தை வாங்கிப் படித்தாள்.

"பெரியம்மாளக்கா பேரு?"

"எடுத்துட்டேன்."

"வர்ற தையிலயும் அது கொட்டும்மா."

"தெரியும்" என்றாள் மலர்கொடி.

சிவரஞ்சனி கையெழுத்துப் போட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை மூடிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு அந்த ஐயா மதியம் வரைக்கும் டைம் குடுத்தாருல்லம்மா?"

"ம்."

"மாத்திக் குடுத்துடறேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. நீங்க சொன்னதுக்கு அப்புறம் உங்களை எப்படிம்மா விட்டுக்குடுக்கிறது?"

விருந்தாளியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "இருங்கம்மா, டீ போடறேன்" என்று அவள் அவசரமாக அடுப்படிக்குப் போனாள்.