நுரை அடங்கும் வரை

பெரியப்பாவின் இறுதிச் சடங்கில் மூத்திரக் குப்பிகளை அடுக்கி மேசை போட்டவள் நான்தான். கானா நாட்டில், எங்கள் குமாசி ஊரில் இப்போது என்னை அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள். "எந்த டுஃபி? துக்கத்துணி தைப்பாளே, செத்த வீட்டுல மூத்திரம் கேட்டாளே, அவளா?" சொல்லிக்கொள்ளட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

மார்ச் மாதத்திலிருந்தே என் மூத்திரம் நுரைத்துக்கொண்டிருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் அந்த நுரை அடங்காது. சோப்புத்தூள் மிச்சம் என்று நினைத்துக் கழிப்பறையைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தலை சுற்றித் தையல் மெஷின் மேல் சாய்ந்த அன்றுதான் டாக்டர் ஜோகோட்டோவிடம் போனேன். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. மூத்திரத்தில் புரதம் இறங்கியிருந்தது. எனக்கு வயது முப்பத்தேழு, சர்க்கரை வியாதியும் கிடையாது. "உங்க குடும்பத்துல யாருக்காவது கிட்னி வியாதி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். "எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் இல்ல டாக்டர்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

நான் பொய் சொல்லவில்லை. அசாந்தி இனத்துக்காரிக்குக் குடும்பம் என்றால் தாய்வழிதான். ரத்தம் அம்மா கொடுப்பது. அப்பா கொடுப்பது பெயரும் குணமும். அப்பனைப் பெற்ற குலத்துச் சாவுக்கு நாம் ஒரு பெட்டி சோடாவோடு போய் உட்கார்ந்து எழுந்து வருகிற விருந்தாளிகள். என் அம்மா பக்கத்தில் எல்லாரும் எண்பதைத் தாண்டித்தான் கண்ணை மூடினார்கள். அதனால் டாக்டரும் வெறும் ரத்த அழுத்தம் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

செப்டம்பரில் பெரியப்பா போனார். எங்கள் வழக்கப்படி உடலைக் குளிர் அறையில் வைத்து, அடக்கத்தை இரண்டு மாதம் தள்ளிக் குறித்தார்கள். எட்டாம் நாள் கூட்டத்துக்கு, பெண்களுக்குத் துணி அளவெடுக்கப் போயிருந்தேன். வாசலில் ஆள் உயரத்துக்கு அவர் படம். கீழே, 'சில நாள் உடல்நலக் குறைவுக்குப் பின்' என்று அச்சடித்திருந்தார்கள். பெரியம்மாவின் இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்துக்கொண்டு, என்ன குறைவு என்று கேட்டேன்.

"சில நாளா? ரெண்டு வருஷம்டி. காலு ரெண்டும் வீங்கிக் கெடந்தாரு. காலையில கண்ணு தொறக்க முடியாது, அப்படி ஒரு வீக்கம். மூத்திரம் போனா பீர் ஊத்துன மாதிரி நுரை. உங்கப்பனும் அப்படித்தானே போனான். உங்க அத்தையும்."

டேப் என் கையிலிருந்து நழுவியது. அப்பா போனபோது எனக்கு ஆறு வயது. அவருடைய படத்துக்குக் கீழேயும் அதே சில நாள்தான் போட்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அந்த வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

"யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"சாபத்துக்கு ஆஸ்பத்திரியில மருந்து உண்டா? அந்த நிலத்தகராறுல எதிராளிங்க ஆத்தங்கரையில முட்டை ஒடைச்சுச் சாபம் விட்டானுங்கல்ல."

மறுநாள் காலையிலேயே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, என் பதிலைத் திருத்தினேன். மூன்று சாவையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தம் தலைநகர் அக்ராவுக்குப் போய், முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று.

"அந்தக் காலத்துல ஈ கடிச்சுத் தூக்க வியாதி வந்து ஊரு ஊராச் செத்தாங்கல்ல," என்று ஆரம்பித்தார். "நம்ம ஆளுங்க சில பேரோட ரத்தம் அதுக்கு எதிரா ஒரு மாத்தத்தைச் செஞ்சுக்கிச்சு. அது ஒண்ணு இருந்தா லாபம்தான். ரெண்டு சேர்ந்துட்டா, எல்லாருக்கும் இல்ல, சில பேருக்குக் கிட்னியை அரிக்கும். உங்ககிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு உங்க அம்மா கொடுத்தது. இன்னொண்ணு அப்பா."

"அப்பா ரத்தம் தர மாட்டாரே டாக்டர்."

"தந்திருக்காரேம்மா," என்றார், மன்னிப்புக் கேட்பவர் போல.

போனதைத் திருப்ப முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ரத்த அழுத்த மாத்திரையையே மாற்றினார். புதியது புரதக் கசிவையும் குறைக்குமாம். உப்புக் கருவாடு வேண்டாம், மூலிகைக் கசப்பு வேண்டாம், வலி மாத்திரை தொடவே வேண்டாம். கடைசியாக, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு தம்பி, ஓபெங். சுவாமே பகுதிப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை. காலையில் ஒரு மடக்குக் கசப்பு, மாலையில் முதுகுக்கு இரண்டு வலி மாத்திரை. துக்கத்துக்குக் கால்சட்டை தைக்க அவனுக்கு அளவெடுத்தேன். போன வருடத்து நோட்டில் கணுக்கால் ஒன்பது அங்குலம். இப்போது பத்தே முக்கால். நோட்டைக் காட்டினேன்.

"நாள் முழுக்க நின்னு வேலை பாக்குறேன்க்கா, வீங்காதா? மெஷினை விட்டுட்டு டாக்டருக்குப் படிக்கப் போறியா?"

கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் அழவும் செய்தேன். எட்டே நிமிட நடையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவன் வரவில்லை. இவனையும் படமாக வாசலில் நிறுத்த எனக்கு மனமில்லை. வராதவன் கட்டாயம் வருகிற இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் உயிருக்கு வராதவர்கள்கூடச் சாவுக்கு வந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை, அடக்கம் முடிந்து எல்லாரும் பந்தலில் உட்கார்ந்தபோது என் வெட்டுமேசையை ஓரமாகப் போட்டேன். டாக்டரின் நர்ஸ் எஃபுவா, கையுறையோடு சோதனைப் பட்டைகளைப் பிரித்தாள். நாற்பது காலிக் குப்பிகள். இந்த வீட்டில் மூன்று பேரைக் கொன்ற வியாதி யாருக்கு இருக்கிறதென்று மூத்திரத்தில் பார்த்துவிடலாம், வாருங்கள் என்று நான் கூவியதும் ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். அப்பா குலத்தின் தலைவர் டார்கோ பெரியவர் கறுப்புத் துணியைத் தோளில் ஏற்றிப் போட்டபடி வந்தார்.

"என்ன இது, சந்தையா? எடுத்துட்டுப் போ. நீ எங்க குலத்துப் பொண்ணும் இல்ல. எங்க வீட்டு விவகாரம் உனக்கு எதுக்கு?"

எனக்குப் பயமும் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"உங்க வீட்டுல எனக்கு நிலம் வேணாம் பெரியவரே. குலத் தலைவர் நாற்காலி வேணாம். ஆனா எங்கப்பா உங்க வியாதியை எனக்குக் கொடுத்துட்டுப் போயிருக்காரு. அது எனக்குச் சொந்தம். அதைப் பத்திப் பேச யாரைக் கேக்கணும்?"

"டுஃபி, குடிக்கக் குடுக்குற எடத்துல புடிச்சுக் குடுக்கச் சொல்றியே!" என்று யாரோ கத்த, பந்தலே சிரித்தது. ஓபெங்கும் சிரித்தான். ஒருவரும் எழுந்து வரவில்லை.

நேராக அவனிடம் போனேன். சிவப்பு மண்ணில் மண்டியிட்டு, நானே தைத்த கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினேன். "அக்கா, விடு, மானத்தை வாங்காத," என்று பல்லைக் கடித்தான். கணுக்காலுக்கு மேல், எலும்பின்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். பிசைந்த மாவில் அழுத்தியது போல் அங்கே ஒரு குழி. அது மேலே வரும் என்று அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்காரர்களும் குனிந்து பார்த்தார்கள். வரவில்லை.

"அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டான்.

"எனக்கு ஞாபகமில்லடா. யாரும் சொல்லலையே."

மேசையிலிருந்து அவனே ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனான். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். எஃபுவா பட்டையை நனைத்து எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். குப்பியின் கழுத்தில் நுரை நின்றது, வெள்ளையாக, அசையாமல்.

டார்கோ பெரியவர் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் துணி நுனியை இழுத்துத் தன் கணுக்காலை மூடிக்கொண்டார். நான் இன்னொரு குப்பியின் மூடியைத் திருகித் திறந்து, அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.